நாய் விழுந்த கிணறு

எங்கள் பக்கத்தில் தண்ணீர் இருக்கிற கிணற்றை யாரும் மூட மாட்டார்கள். தண்ணீர் இல்லாத கிணற்றைக்கூட மூட மனசு வராது. உள்ளே வேலிக்காத்தான் முளைத்து, புறா கூடு கட்டி, பாழாய்க் கிடந்தாலும் விட்டு வைப்பார்கள். ஒரு நல்ல மழைக்கு ஊறாதா என்ற நப்பாசைதான். நாய் விழுந்தால் அதற்கொரு முறை இருக்கிறது. மோட்டாரைப் போட்டு அடிப்பாறை தெரிய இறைத்து, சுண்ணாம்பைக் கொட்டி, புதுசாய் ஊறுகிற தண்ணீருக்குக் கற்பூரம் காட்டுவார்கள். கிணற்றுக்காரன்தான் முதல் வாய் குடிக்க வேண்டும். அப்புறம் ஊர் குடிக்கும்.

பிரசிடெண்டு தன் கிணற்றை இறைக்கவில்லை. மூடினார்.

அவர் ஒரு காலத்தில் பஞ்சாயத்துத் தலைவர். பதவி போன பிறகும் பேர் போகவில்லை. பனமரத்துப்பட்டியைத் தாண்டி, வரைபடத்தில் தேடினால் கிடைக்காத எங்கள் ஊருக்கு ஒரு சின்ன ஏரி உண்டு. அந்த ஏரியின் வயிற்றுக்குள் அவருடைய மச்சான் பேரிலும் மருமகன் பேரிலும் பட்டா முளைத்தது. நீர் வரும் வாய்க்காலில் மண் மேடு எழுந்தது. யாரோ வெளியூர்க்காரர் வழக்குப் போட்டார். சேலம் கோர்ட்டில் வந்து சாட்சி சொல்ல ஊரில் ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். ஊர் செருப்பைப் பார்த்தது, வானத்தைப் பார்த்தது, மாட்டைப் பார்த்தது. என் அப்பா மட்டும் வருகிறேன் என்றார். அவர் போராட்டக்காரர் இல்லை. ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம் வைத்திருந்த, சத்தமாகத் தும்மக்கூட யோசிக்கிற மனிதர்.

"கண்ணுல பாத்தத பாத்தேன்னு சொல்றதுக்கு என்னத்துக்குப் பயப்படோணும்," என்றார் அம்மாவிடம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். பஸ் கோர்ட்டுக்குப் போனது. அவர் போகவில்லை.

சாயங்காலமே கதை வந்துவிட்டது. சேலம் பஸ் ஸ்டாண்டில், பெங்களூர் வண்டியில், ஒரு பொம்பளையோடு ஏறினாராம். பார்த்தவர் யார் என்று கேட்டால் இன்னொருத்தரைக் கை காட்டினார்கள். அந்த இன்னொருத்தர் வேறொருத்தரை. கடைசிக் கை பிரசிடெண்டு வீட்டு வாசலில் போய் நின்றது. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. வழக்கும் படுத்துக்கொண்டது.

அந்த வாரம்தான் பிரசிடெண்டின் மனைவி எங்கள் பம்புசெட்டுக்குக் குடத்தோடு வந்தாள். அந்த வீட்டுப் பெண்கள் எங்கள் வரப்பில் கால் வைத்ததே இல்லை. அவர்கள் கிணறு ஊருக்கே குடிதண்ணீர் கொடுத்த கிணறு. கோடையில் நாங்கள்தான் போய் நிற்போம். அம்மா ஒன்றும் கேட்காமல் குழாயடியில் குடத்தை வைத்துப் பிடித்தாள்.

"எங்க கெணத்துல நாயி உழுந்துருச்சு அம்மிணி," என்றாள் அவள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

"எறைச்சர வேண்டியதுதானுங்க?"

"மோட்டாரு ரிப்பேரு."

அவர்கள் மோட்டார் ஓடுகிற சத்தம் எங்கள் காடு வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது, தென்னைக்குப் பாய்ச்சுகிறார்கள், வேறு கிணற்றிலிருந்து. அம்மா குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டாள். கொஞ்ச நாளில் டிராக்டர் டிராக்டராக மண் போய் அந்தக் கிணற்றில் விழுந்தது. மேலே மாட்டுக்கொட்டகை எழுந்தது.

ஊர் முழுக்க விவசாயிகள். நாய் விழுந்தால் இறைக்க வேண்டும் என்று தெரியாத ஒருத்தர் கிடையாது. எந்தக் குடியானவனும் சொல்லக் கூசுகிற பொய்யை அவசரத்தில் சொல்லிவிட்டார்கள். அது பொய் என்று ஊருக்கே தெரிந்தது. தெரிந்தவர்கள்தான் மண் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். "நாயிதானுங்களே," என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். சொல்லச் சொல்ல அது நாயாகவே ஆகிவிட்டது.

அம்மாவுக்கு ஒரு புதுப் பேர் வந்தது. புருசனைத் தக்க வைக்கத் தெரியாதவள். விதவை என்றால் ஊர் கொஞ்சம் இரங்கும், அரிசி கொடுக்கும், வெள்ளிக்கிழமை எதிரே வராமல் இருந்தால் போதும் என்று விட்டுவிடும். ஓடிப்போனவன் பெண்டாட்டிக்கு அதுவும் கிடையாது. கழுத்தில் தாலி கிடக்கும். அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். என் கல்யாணத்தில் சீர்த்தட்டைத் தொடப் போனவளை என் அத்தை முறைக்காரி ஒருத்தி தடுத்தாள். "நீ போய் ரசத்தப் பாரு. அதையாச்சும் பொங்கி வழியாம புடிச்சு வையி." சுற்றி நின்றவர்கள் நன்றாகச் சிரித்தார்கள். அம்மா போய் ரசத்தைப் பார்த்தாள். நான் மணவறையில் உட்கார்ந்து, பந்தல் ஓட்டை வழியாக, அண்டாவின் ஆவிக்குள் அவள் முகம் தெரிவதும் மறைவதுமாக இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்ப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டு, என் வீட்டுக்காரரின் மளிகைக் கடையில் புளியும் மிளகாயும் நெடியேற உட்கார்ந்திருக்கிற காலத்தில், ஒருமுறை அவளைக் கேட்டேன்: அப்பா நிஜமாகவே ஓடிப்போனார் என்று நினைக்கிறாயா?

"அவ கொடத்தத் தூக்கி உட்டப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு சாமி," என்றாள். "தெரிஞ்சத வெச்சுட்டு என்ன பண்றது? வாயத் தொறந்திருந்தா இன்னொரு நாயி உழுந்திருக்கும். சின்ன நாயி." என்னைத்தான் சொன்னாள்.

பிரசிடெண்டு வயதாகி, பூவும் கொடியும் வேட்டும் புடைசூழச் செத்தார். மகன் அவரைவிடப் பெரிய ஆளானான். கட்சியில் பொறுப்பு, கல்குவாரி, கல்யாண மண்டபம். தோப்பை அழித்து மனைகளாக்கி, நுழைவாயிலில் வளைவு கட்டி, வளைவில் தன் அப்பா படத்தை வைத்தான். ஒரு பெருமழைக்கு, கொட்டகை இருந்த இடம் வட்டமாக உள்வாங்கியது. மூடப்பட்ட கிணறு அப்படித்தான் வாய் திறக்கும். நல்ல மண் போட்டு நிரப்பலாம் என்று பொக்லைனைக் கொண்டுவந்து தோண்டினார்கள். ஓட்டியவன் ஆத்தூர்ப் பக்கத்து ஆள். எங்கள் ஊர்க்காரனாக இருந்திருந்தால் பார்த்ததை அப்படியே மண்ணோடு மண்ணாக அமுக்கியிருப்பான். அவனுக்குத் தெரியாது. இறங்கி நின்று, "ஏம்ப்பா, இது ஆளு எலும்பு மாதிரி இருக்குதே," என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டிவிட்டான்.

நான் டவுன் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது அம்மா மண்மேட்டில் உட்கார்ந்திருந்தாள். கையில் கறுத்துப்போன வெள்ளி அரைஞாண் கொடி. அப்பாவுடையது. ஒருமுறை அறுந்துபோனதை, ஆசாரியிடம் கொடுக்கச் சோம்பி, மோட்டார் செம்புக் கம்பியால் அவரே முடிந்து வைத்திருந்தார். அந்த முடிச்சு அப்படியே இருந்தது. அம்மா எச்சில் தொட்டு முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அவள் முகத்தில் ஏதோ ஒன்று அவிழ்ந்திருந்தது.

"இது அவருதுங்க," என்றாள் இன்ஸ்பெக்டரிடம்.

"குடுங்கம்மா. எழுதிக்கறோம்." மரியாதையாகக் கேட்டார். அத்தனை வருசத்தில் அவளிடம் மரியாதையாக யாரும் எதையும் கேட்டதில்லை. கொடுத்துவிட்டாள். அந்தக் கொடியை நாங்கள் பார்த்தது அதுதான் கடைசி.

பிறகு ஒருநாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பிரசிடெண்டின் மகன் நாற்காலியில் இருந்தான், டீயோடு. இன்ஸ்பெக்டர் ஒரு தாளைப் பார்த்துவிட்டு, "நாய் எலும்புன்னு வந்திருக்கு," என்றார்.

"அரணாக்கொடி?" என்றேன்.

"எந்த அரணாக்கொடி?"

"நாயி அரணாக்கொடி கட்டுமுங்களா சார்?"

"இந்தக் காலத்துல நாயிக்குப் பொறந்தநாளே கொண்டாடறாங்க," என்றான் மகன். ஏட்டு சிரித்தார்.

அம்மா சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "நாயின்னா எனக்குக் குடுத்துருங்க சாமி. நாயெலும்ப வெச்சுட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க."

இன்ஸ்பெக்டர் மகனைப் பார்த்தார். மறுத்தால் அது நாய் இல்லை என்றாகிவிடும். அவன் டீயை வைத்துவிட்டு மெதுவாகச் சிரித்தான். "அதுக்கென்னங்க பெரியம்மா. ஆசப்பட்டுக் கேக்கறீங்க." யூரியாச் சாக்கு ஒன்றில் என் அப்பாவைக் கொடுத்தார்கள்.

அம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவரை எரிக்க வேண்டும், தாலியை அறுக்க வேண்டும். "ஒரு நாளாச்சும் முண்டச்சியா இருந்துட்டுச் செத்துப்போறேன் சாமி." விதவையாவதற்கு ஒரு பெண் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. நான் எரிக்க வேண்டாம் என்றேன். சேலத்தில் வக்கீல் சொல்லியிருந்தார்: எலும்பு இருந்தால், என்றைக்காவது என் ரத்தத்தோடு வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், சாம்பலிடம் ஒன்றும் கேட்க முடியாது. அம்மா காதிலேயே வாங்கவில்லை. இடம் சுத்தம் செய்யப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. நிறையப் புளிய விறகு, பிளந்து காய்ந்தது.

"அண்ணன் குடுத்துட்டு வரச் சொன்னாருங்க," என்றான் டிரைவர். "நல்லா எரியுமாமா. சாம்பலத் தவுத்து ஒண்ணும் மிஞ்சாதுன்னு சொல்லச் சொன்னாரு."

அம்மா விறகைப் பார்த்தாள். சாக்கைப் பார்த்தாள். நான் இரவெல்லாம் சொல்லிப் புரியாததை அந்த ஒரு லோடு விறகு சொல்லிவிட்டது.

"எறக்குப்பா," என்றாள். "வெறகு மேல என்ன கோவம்."

விறகைக் காட்டுச் சாளைக் குடிசையோரம் அடுக்கித் தார்ப்பாயால் மூடினாள். எலும்பை எங்கள் காட்டின் தென்மூலையில், ஒரு மண் தாழியில் வைத்து, ஆழமாகப் புதைத்தோம். தாலியை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"நாயிக்கு யாராச்சும் தாலி அறுப்பாங்களா? மனுசன்னு எழுதட்டும். அன்னிக்கு அறுக்கறேன்."

அவர்கள் எழுதவில்லை. மனுக் கொடுத்தோம், வாய்தா வாங்கினார்கள், மறுபடி மனுக் கொடுத்தோம். அவள் வெள்ளிக்கிழமைதோறும் தாலிக்கு மஞ்சள் பூசிக்கொண்டே காத்திருந்தாள். அது அவளுக்கு எத்தனை பெரிய தண்டனை என்று எனக்கு மட்டும் தெரியும். இந்தப் பங்குனியில் செத்துப்போனாள்.

பெண்கள் அவளைக் குளிப்பாட்டினார்கள். நெற்றி நிறையக் குங்குமம், முகமெல்லாம் மஞ்சள், தலை நிறையப் பூ. உயிரோடு இருக்கிற புருசனின் பெண்டாட்டி அல்லவா. ரசத்தைப் பார்க்கச் சொன்ன அதே அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "சுமங்கலியாப் போய்ட்டா. குடுத்து வெச்சவ."

சொந்தக் காட்டிலேயே எரித்தோம். மகன் இல்லாததால் நான்தான் கொள்ளி வைத்தேன். பிரசிடெண்டின் மகன் ஆளுயர மாலையோடு, நாலு காரில் வந்தான். கைகட்டி நின்று தீயைப் பார்த்தான்.

"நல்ல வெறகுங்க. மளமளன்னு புடிக்குது," என்றான்.

"உங்க தோட்டத்ததுதானுங்க," என்றேன். "அப்ப அனுப்புனீங்களே. அம்மா செலவு பண்ணாம வெச்சிருந்தாங்க."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு, யாரும் காட்டாமலேயே, அவன் கண் தென்மூலைக்குப் போனது. ஊரில் யாரோ எப்போதோ சொல்லியிருப்பார்கள். தீ அடங்குகிற வரைக்கும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் சொல்லி அனுப்பியது சரிதான். அம்மாவில் சாம்பலைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. அன்றிலிருந்து நான் கடைக்குத் திரும்பவில்லை. தென்மூலையில் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கிறேன்.