வாசலில் செருப்பை எண்ணுகிறவர்

குழாயைத் திறந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அந்தத் தரகரை நான் முதன்முதலாகக் கவனித்துப் பார்த்தது அப்படித்தான். நான் வாங்க நினைத்த வீட்டின் சமையலறையில்.

"தண்ணி வருது தம்பி. ஆனா மூச்சு வாங்குது. மாடித் தொட்டி சின்னது."

செயலியில் அந்த வீட்டுக்கு இருபத்தாறு படங்கள். ஒன்றுக்கும் மூச்சு வாங்கவில்லை.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். கைபேசியில் வீடு தேடி, அக்கம்பக்கத்து விலையைப் பட்டியல் போட்டு, தரகில்லாமல் வீட்டுக்கார அம்மாவிடம் நானே பேசி முடித்தேன். பத்திரம் பதிந்த அன்றே சாவி வேண்டும் என்று செய்தியும் அனுப்பினேன். மறுநாள் அவர் விலையை ஏற்றினார். பட்டியலைக் காட்டினேன், இன்னும் ஏற்றினார். வங்கியின் கடன் அனுமதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் ஆயுள். ஊரில் அப்பா இரண்டு மாட்டை விற்று முன்பணம் கொடுத்துவிட்டு, மகன் வீடு வாங்குவதைத் தெருத்தெருவாகச் சொல்லியும் விட்டார். வேறு வழியில்லாமல்தான் தரகரைக் கூட்டிப் போனேன்.

சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் திருப்புளி வைத்திருக்கிறவர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவார். "ரெண்டு ஜோடி. ஒண்ணு பள்ளிக்கூட ஷூ," என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். விலையைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஒவ்வொரு கதவாகச் சாத்திப் பார்த்தார். உள்ளறைக் கதவின் பின்பக்கத்தை மட்டும் சற்று நேரம் பார்த்தார். பிறகு என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"பரீட்சை அட்டவணை ஒட்டியிருக்கு. முடிய ரெண்டு மாசம் ஆகும். நடுவுல வீடு மாறினா பொண்ணு எங்க உக்காந்து படிக்கும்? அந்தம்மாவுக்கு வேணுங்கிறது காசு இல்ல, நாள்."

"அதைக் கேட்டிருக்கலாமே?"

"கேப்பாங்க நல்லா! விலை கேக்குறது கௌரவம் தம்பி. தயவு கேக்கத்தான் வாய் வராது. நீங்க வேற பட்டியலைத் தூக்கி நீட்டியிருக்கீங்க. பத்திரத்தை முடிச்சுட்டு ரெண்டு மாசம் பொறுப்பீங்களா?"

"பொறுப்பேன்."

"அப்ப வாயைத் திறக்காம வாங்க."

உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, தம்பிக்கு ஒரு சங்கடம். சொல்லக் கூச்சப்படுறாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பத்திரம் முடிஞ்சாலும் ரெண்டு மாசத்துக்குக் குடிவர முடியாதாம். பூட்டிக் கிடந்தா வீடு பாழாயிடுமேன்னு பயப்படுறாரு. அதுவரைக்கும் நீங்களே இருந்து பாத்துக்கிட்டா உபகாரமா இருக்கும். விலை மட்டும் முதல்ல பேசினதுதான்."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன தம்பி? வாய்விட்டுக் கேட்டாத்தானே தெரியும்! சரி, உங்களுக்காக இருக்கேன்."

நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன்.

எட்டாம் நாள் பத்திரம் பதிந்தது. தரகில் ஒரு காசு குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது நான் அந்த வீட்டில் இருக்கிறேன். மாடியில் பெரிய தொட்டி வைத்தாகிவிட்டது. தரகர் நாலு வீடு தள்ளி, விலைக்கு வந்திருக்கும் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறார். வாங்க வந்த தம்பதி கைபேசியை நீட்டி ஏதோ காட்டுகிறார்கள். அவர்களைக் கையமர்த்திவிட்டு, குனிந்து செருப்புகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.