வெளுத்துப்போன மூன்று முகங்கள்

இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்கு முந்தைய வருஷம். மயிலாப்பூரில் லஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் எனக்கு வேலை. சின்னப் போட்டோவைப் பார்த்துப் பெரிய அட்டையில் வர்ணப் படம் எழுதித் தருவேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். இந்தக் கைத்தொழிலாவது நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அமெரிக்கப் பட்டாளத்துக்காரர் ஒருவர் வந்தார். வெள்ளைக்காரர் இல்லை, குழந்தைகளே, என்னையும்விடக் கறுப்பு. ஊரில் வாத்தியாராம். பத்திரிகையிலிருந்து வெட்டிய மூன்று பெண்களின் படங்களை மேஜைமேல் வைத்து, எனக்குப் புரியும்படி மெதுவாக இங்கிலீஷில் சொன்னார். ஒருத்தி அடிமையாகப் பிறந்து தப்பி ஓடியவள். ஓடியதோடு நிற்காமல், திரும்பத் திரும்பப் போய் மற்றவர்களையும் மீட்டு வந்தவள். இன்னொருத்தி தன் இனத்துப் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தவள். மூன்றாமவள் ஆகாய விமானம் ஓட்டியவள். முகாமில் இருக்கிற தம் இனத்துப் பையன்களுக்கு இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லையாம். படங்களை மாட்டிவைத்துத் தாமே பாடம் நடத்தப்போவதாகச் சொன்னார்.

கேட்கக் கேட்க அந்த மூன்று பேர்மீதும் எனக்கு அபார மரியாதை வந்துவிட்டது. அந்த மரியாதையில், இருப்பதிலேயே உசத்தியான வெள்ளையோடு ரோஜா வர்ணம் குழைத்து, தகதகவென்று எழுதிவைத்தேன். எங்கள் ஸ்டூடியோ வழக்கமே அதுதான். யார் வந்தாலும் நிறத்தை வெளுப்பாக ஏற்றித் தராமல் அனுப்பமாட்டோம்.

அவர் வந்து பார்த்தார். மூன்றையும் வெளிச்சத்துக்குத் திருப்பிவைத்தார். பிறகு, "யார் இவர்கள்?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூக்கும் கண்ணும் அச்சு அசலாக இருக்கின்றனவே! பின்னாலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, தொரை மூஞ்சி வாடிப்போய்க்கீது? இன்னொரு கோட்டிங் வெள்ள குடு, குஷியாய்டுவாரு!"

நானும் அதையே அவரிடம் கேட்டேன், இன்னும் வெளுப்பாக்கித் தரட்டுமா என்று!

அவர் சிரித்தார். அது சிரிப்புதானா என்று எனக்குத் தெரியவில்லை. "இந்த வெள்ளை முகம் இருந்திருந்தால் இவர்களை யாரும் தடுத்தே இருக்கமாட்டார்கள். நான் சொல்லித்தரக் கதையும் இருந்திருக்காது" என்றார். மறுநாள் காலை பட்டாளம் கிளம்புகிறது, இனி எதைக் காட்டிப் பாடம் நடத்துவது என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

உடனே திரும்ப எழுத ஆரம்பித்தேன். ஆனால், இத்தனை வருஷத்தில் ஒரு மனித முகத்துக்கென்று அந்தக் கறுப்பு நிறத்தை நான் குழைத்ததே இல்லை. எதோடு எதைச் சேர்ப்பது? அவர் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, தம் கையை என் மேஜைமேல் நீட்டினார். அதைப் பார்த்துப் பார்த்துக் குழைத்தேன். பொழுது சாய்வதற்குள் மூவரும் வந்துவிட்டார்கள். அவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"அட, இப்பதாம்பா உசிரு வந்துகீது!" என்றார் முதலாளி.

அதோடு முடிந்திருந்தால் எனக்குக் குழப்பமில்லை. மறுநாளே ஒரு அம்மாள் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு, அவள் போட்டோவோடு வந்தார். "பிள்ளையாத்துக்காராளுக்கு அனுப்பணும். நெறத்தைக் கொஞ்சம் தூக்கிப் போட்டுடுங்கோ."

அந்தப் பெண் என் நிறம்தான். என் வர்ணத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தின நாள் குழைத்த கறுப்பு அதில் இன்னும் காயாமல் மிச்சமிருந்தது. நான் வெள்ளையைத்தான் எடுத்தேன்.

கேட்டபடி எழுதித் தருவதுதான் என் பிழைப்பு. ஆனாலும் குழந்தைகளே, அன்றைக்கு அவளுக்கு நான் செய்தது உபகாரமா அபகாரமா என்று தெரியாமல், வெள்ளையைத் தொடும்போதெல்லாம் இன்றும் ஒரு கணம் என் கை நின்றுபோகிறது.