அண்ணன் மூச்சு வாங்கிய இடம்

மலைமேல் குளிரான காந்தலில் ஒரு மாடி அறையில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்த அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். தலையில் எப்போதும் கம்பளித் தொப்பி. இரைச்சல் பதிவில் விழும் என்று, மைக்கைத் திறக்கும் முன் ஹீட்டரை அணைத்துவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொள்வார்.

அங்கேதான் அண்ணன் பாட, நான் கீபோர்டு வாசித்தேன். அடுத்த வாரம் தொண்டையில் நடந்த அறுவை சிகிச்சையில் அண்ணனுக்குக் குரல் போய்விட்டது. சில மாதங்கள் கழித்து, பாட்டைச் சீராக்க அவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் தப்பாக வாசித்த இடங்களை அந்தப் பெண் திரையிலேயே நகர்த்திச் சரிசெய்தார்.

"அண்ணன் நடுவுல மூச்சு வாங்குறதையும் சரி பண்ணிருங்க" என்றேன்.

"ஏனுங்க, உங்களுது மிடி ட்ராக்குங்க. எந்தக் கட்டைய எவ்வளவு நேரம் அமுக்குனீங்கங்கிற குறிப்புதான் அதுல இருக்குது. புல்லாங்குழலாக்கூட மாத்திக்கலாம். அண்ணன் பாடுனது ஆடியோ ட்ராக்குங்க. அதுல இருக்கிறது அவரு குரலேதான்."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணா, அந்த மூச்ச எடுத்துரட்டுங்களா?"

வேண்டாம் என்று அண்ணன் அவசரமாகத் தலையசைத்தார். அந்த இடத்தை மறுபடி போடச் சொல்லி விரலைச் சுழற்றிக் காட்டினார்.

குரல் போன நாளிலிருந்து அவருக்காக எல்லாவற்றையும் நானே முடிவுசெய்துகொண்டிருந்தேன். அவரிடமே கேட்க வேண்டும் என்பது, இரண்டே முறை பார்த்த அந்தப் பெண்ணுக்கு எப்படித் தோன்றியதோ.