வெறும் மெழுகில் தெரிந்த புள்ளிகள்

"பாண்டி அண்ணே, அக்கா மவுத்தாயிட்டாங்க. மதியத் தொழுகை முடிஞ்சதும் அடக்கம்" என்று டாக்டர் ரஷீதாவின் தம்பி போனில் சொன்னார். எழுமலையிலிருந்து நான் பஸ் பிடித்து மதுரை வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. தல்லாகுளத்துப் பரிசோதனைக்கூடத்தில் அவர் மருத்துவர், நான் டெக்னீஷியன். அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சினைப்பைக் கட்டிகள் சிலவற்றில் சுண்ணாம்பு மணல் மணலாகப் படிந்திருக்கும். பரிசோதனைக்காகச் சீவும்போது கத்தி கரகரக்கும். கத்தி வீணாகிறதே என்று நான் சலித்துக்கொண்டால், "திட்டாதீங்கண்ணே. இம்புட்டுச் சுண்ணாம்பு அங்க எதுக்கு வந்துச்சு, அதக் கேளுங்க" என்பார். பாக்டீரியா ஏதோ உள்ளே புகுந்து தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பைப் படியவைக்கிறதோ என்று அவருக்குச் சந்தேகம். ஒரு கோடையில், சாயமேற்றிய கண்ணாடி ஸ்லைடுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, சுண்ணாம்பை ஒட்டி ஊதா நிறத்தில் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள் தெரிந்தன. கூடத்தில் இருந்த எல்லோரையும் அழைத்துக் காட்டினார். மருத்துவர்கள் கூட்டத்தில் பேசப் பெயரும் கொடுத்தார்.

கட்டியை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்துவது எங்கள் வேலைமுறை. அந்தத் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். அந்தக் கோடையில் கேன் தண்ணீர் சரியாக வரவில்லை. வற்றிய அளவுக்கு மட்டும் ஊற்றி ஒப்பேற்றினேன். கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், "தண்ணி தினமும் மாத்துறோம்லண்ணே?" என்று கேட்டார்.

"மாத்துறேன் டாக்டரம்மா" என்றேன், வாய் கூசாமல்.

அவர் சதை எதுவும் இல்லாத வெறும் மெழுகைத் தானே சீவி, அதே தொட்டியில் மிதக்கவிட்டுச் சாயமேற்றினார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "வந்து பாருங்கண்ணே" என்று எழுந்து இடம் கொடுத்தார். அதே புள்ளிகள். பாக்டீரியா தொட்டித் தண்ணீரில்தான் இருந்திருக்கிறது. எனக்குத் தலை நிமிரவில்லை. "இனிமே தினமும் மாத்திருவோம்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

"பேர எடுத்துருங்க, யாருக்கும் தெரியாது" என்றேன்.

"வேற யாராச்சும் இதே புள்ளியப் பாத்து ஏமாறுவாங்கண்ணே."

கூட்டத்தில் எழுந்து, "நான் பார்த்தது என் தொட்டித் தண்ணீரில் இருந்த பாக்டீரியா. முதலிலேயே சரிபார்க்காதது என் தவறு. சுண்ணாம்பு ஏன் படிகிறது என்று இன்னும் எனக்குத் தெரியாது. பாக்டீரியா காரணமே இல்லை என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது" என்றார். பின்வரிசையில் சிரித்தார்கள். கொஞ்ச காலம் அவருக்கு 'தண்ணித்தொட்டி டாக்டர்' என்றே பெயர். கேட்டு அவரும் சிரிப்பார். ஒருமுறை நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

தண்ணீரை மாற்றாதவன் நான். மாற்றினேன் என்று பொய் சொன்னவனும் நான். அவர் இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வெறும் மெழுகு ஸ்லைடு என்னிடம் இருக்கிறது. அதன் ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதியது அழியவில்லை: "சதை இல்லை. சரிபார்த்தவர்கள்: ரஷீதா, பாண்டி."