வாடகை வாங்க மறுத்த மாடிக்கார அக்கா

வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரியைக் கண்டு ஒளிந்துகொள்வதைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் வாடகைப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரியைத் துரத்தியவள். சிரிக்காதீர்கள். ஜப்பான்காரன் காலத்துச் சிங்கப்பூரில் அதுவும் நடந்தது. துரத்திப் பிடித்து ஜெயித்ததும் நான்தான்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் கடைவீடு. கீழே மாட்டுத் தீவனக் கடை, மேலே நீளமாக ஒரே மாடி. அந்த மாடியை ஓர் அக்கா மொத்தமாக வாடகைக்கு எடுத்து, பலகை அடித்து ஆறு அறைகளாகத் தடுத்து, ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு ஐந்தை எங்களைப் போன்றவர்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். கட்டடத்தின் சொந்தக்காரர் காத்தோங்கில் இருந்த ஒரு சீனத் தவுக்கே, பெரிய முதலாளி. அவர் முகத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மாதா மாதம் அக்காதான் அவருடைய ஆளிடம் மொத்த வாடகையையும் கட்டுவார். எங்களுக்கு வீட்டுக்காரி என்றால் மாடிக்கார அக்காதான். ஐம்பதை நெருங்கிய மனுஷி, பிள்ளை இல்லை. ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இந்தியாவுக்குக் கப்பலேறிய புருஷன், சண்டை மூண்டதும் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

எங்கள் அறை நடுவில் இருந்தது. ஜன்னல் கிடையாது. பலகைத் தடுப்பு கூரை வரைக்கும் போகாததால் அடுத்த அறைக்காரர் தும்மினால் என் பிள்ளை விழித்துக்கொள்வாள். இந்த அழகுக்கு மாதம் நாலு வெள்ளி. சண்டைக்கு முன்னால் பேசிய வாடகை அது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் உண்டு. வாடகை கொடுத்ததும் அக்கா அந்த மாதத்துக்கு நேராகக் கையெழுத்துப் போடுவார். மூன்று மாதம் சேர்ந்தாற்போல் கையெழுத்து விழவில்லை என்றால் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். எங்கள் தெரு முழுக்க அதுதான் சட்டம்.

என் வீட்டுக்காரர் பட்டறையில் ஃபிட்டர். பிள்ளைக்கு எட்டு மாதமாக இருக்கும்போது விமானத் தளம் கட்டும் வேலைக்கென்று ஜப்பான்காரன் அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ஜொகூருக்கு அப்பால் எங்கோ என்றார்கள். போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“என்ன ஆனாலும் இந்த ரூமை மட்டும் விட்றாத. நான் உசுரோட வந்தா இங்கதான் வருவேன்.”

அது போதாதென்று அரிசியும் அந்த அறையைப் பிடித்துத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது வீடு வீடாகப் பெயர் எழுதிய பட்டியல் ஒன்று இருந்தது. எந்த விலாசத்தில் பெயர் இருக்கிறதோ அங்குதான் ரேஷன் சீட்டு. விலாசம் போனால் அரிசியும் போச்சு. ஆகவே அந்த ஜன்னலில்லாத பொந்தை நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துக்கொண்டிருந்தேன்.

வாழைமர நோட்டின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜப்பான்காரன் அச்சடித்துத் தள்ளிய காகிதம். முதல் வருஷம் அது பணமாக இருந்தது. மூன்றாவது வருஷம் கட்டுக் கட்டாகக் கொண்டுபோனால்தான் மீன்காரன் நிமிர்ந்து பார்ப்பான். நாலு வெள்ளிக்கு ஒரு முட்டைகூடக் கிடைக்காது. ஆனால் என் அறைக்கு வாடகை அதே நாலு வெள்ளி. புத்தகத்தில் அப்படித்தானே எழுதியிருக்கிறது!

ஒரு மாதப் பிறப்பன்று நோட்டுகளை நீட்டியபோது அக்கா கையை நீட்டவில்லை.

“காசு வேணாம்மா. அரிசியா குடு. மாசம் ஆறு டின்.”

பால் டின்னால் அளந்து ஆறு டின். ரேஷனில் கிடைப்பதே பத்து டின்னுக்கு மேல் தேறாது. அதிலும் பாதி கல்லும் சுண்ணாம்பும்.

“அக்கா, புத்தகத்துல நாலு வெள்ளின்னுதானே போட்டிருக்கு?”

“தவுக்கே ஆளு நோட்டு வாங்க மாட்டேங்கிறான்மா. அரிசி, இல்லாட்டி பவுனுங்கிறான். நான் எங்க போவேன்?”

நான் நம்பவில்லை. இன்றைக்கு அதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நம்பவில்லை. உள்வாடகைக்கு விட்டவர்கள் எல்லாருமே அப்போது மேலே இருப்பவனைக் காட்டித்தான் கேட்டார்கள். அதுவுமில்லாமல், அதற்கு முந்தைய வாரம் கறுப்புச் சந்தைக்காரன் ஒருவன் மாடிக்கு வந்து என் அறையைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்துவிட்டுப் போயிருந்தான். ரசீதில்லாமல் முன்பணமாகக் கொடுக்கிற காப்பிக் காசை அள்ளிக் கொடுக்கத் தயாராக இருந்த ஆள். ஓஹோ, என்னைக் கிளப்பிவிட்டு அவனை உட்கார வைக்கிற வேலையா என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு நிற்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் காதில் விழும்படி சொல்லவும் செய்தேன். என் வாய் அப்படி.

அதற்குப் பிறகு அக்கா என்னைக் கண்டால் மறைய ஆரம்பித்தார். நான் நோட்டோடு போனால் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். நான் வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தமே கேட்காது. காலையில் போனால் தூக்கம், மத்தியானம் போனால் தலைவலி, சாயங்காலம் போனால் கோயில். இப்படியே இரண்டு மாதம் கையெழுத்து இல்லாமல் ஓடிவிட்டது. மூன்றாவதும் போனால் நான் தெருவில். அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தேன். எனக்கா வழி தெரியாது?

நாங்கள் வேதக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் அந்த மாடியில் ஐந்து வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அக்காவின் பழக்கம் தெரியாதா? வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டால் அக்கா ஒரு பைசா வெளியே விடமாட்டார். உப்புகூடக் கடன் தரமாட்டார். அதே சமயம் அந்த வேளையில் வாசல் தேடி வருவதை வேண்டாம் என்றும் சொல்லமாட்டார். வருகிற லட்சுமியைத் திருப்பி அனுப்பினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார். அதுவும் புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது சொல்வாரா?

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் வேளை. அக்கா சாமிப் படத்தின் முன் தேங்காயெண்ணெய் விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினார். நான் வாசலில் நின்றேன். கையில் பித்தளைத் தட்டு. அதில் வெற்றிலை, ஒரு துண்டு மஞ்சள், அதன் மேல் மூன்று மாத வாடகை. பக்கத்தில் நோட்டுப் புத்தகம்.

“மகாலட்சுமி வாசல்ல நிக்குறா அக்கா. போன்னு சொல்லப் போறீங்களா?”

அக்கா தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் சிவந்துபோயிற்று.

“கெட்டிக்காரிதான்டி நீ” என்றார். தட்டை வாங்கிச் சாமி முன்னால் வைத்துவிட்டு மூன்று கையெழுத்தையும் போட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். அறைக்குள் வந்து பிள்ளையைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினேன்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. என்னால் சும்மா இருக்க முடியுமா? அதே அரிசிப் பேச்சில் மாட்டியிருந்த மற்ற அறைக்காரர்களிடம் நடித்தே காட்டிவிட்டேன். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை அக்கா விளக்கேற்றித் திரும்பினால் நாங்கள் ஐந்து பேரும் வரிசையாக நிற்கிறோம், ஆளுக்கொரு தட்டோடு. கடைசி அறையில் இருந்த தையல்காரர் தட்டு இல்லாமல் மங்குக் கோப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். அக்கா எல்லாவற்றையும் வாங்கினார், எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். நாங்கள் நடையில் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். அந்தப் பஞ்ச காலத்தில் அப்படிச் சிரித்தது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. இதற்கு நடுவில் அக்காவின் கையில் கிடந்த வளையல்கள் காணாமல் போயின. ஜோடி ஜோடியாகப் போயின. பிறகு மூக்குத்தி. நான் கவனிக்காமல் இல்லை. சோல்ஜர்களுக்குப் பயந்து எல்லாப் பெண்களும் நகையைக் கழற்றி மண்ணில் புதைத்துக்கொண்டிருந்த காலம் அது. அக்காவும் புதைத்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் முற்பகலில் தவுக்கேயின் ஆள் வந்தான். மெலிந்த சீனன், மலாயில்தான் பேசுவான். அக்காவின் அறையிலிருந்த தகரப் பெட்டியையும் அம்மிக்கல்லையும் இரண்டு கூலிகளை வைத்து மாடிப்படியில் இறக்க ஆரம்பித்தான். என்ன ஏது என்று நாங்கள் ஓடினோம்.

“சுடா ஹாபிஸ்” என்றான், எல்லாம் தீர்ந்துபோயிற்று என்று. பிறகு, முன்கையை நீட்டி, வளையல் கழற்றுவதுபோல் செய்துகாட்டினான். மாதா மாதம் ஒரு ஜோடி. பிறகு மூக்குத்தி. இந்த மாதம் கொண்டுவர ஒன்றுமில்லை. ஐந்து அறைக்கும் சேர்த்து அரிசியாகவோ பவுனாகவோ கட்டவேண்டியதை இத்தனை நாளும் அந்த ஒரு பொம்பளைதான் கட்டிக்கொண்டிருந்தாள் என்றான். எங்கள் வாழைமர நோட்டுகள் சாமிப் படத்துக்குப் பின்னால் அப்படியே அடுக்கி இருந்தன. அவன் அவற்றைத் தொடக்கூட இல்லை.

பிறகு எங்கள் புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். எல்லாவற்றிலும் கையெழுத்து ஒழுங்காக இருந்தது. உள்வாடகைக்காரர்கள் யாரும் பாக்கி இல்லை, இருக்கலாம், இனி வாடகை என்னிடம் என்று சொல்லிவிட்டுப் போனான். என் அறை தப்பித்தது. அந்த நிமிஷம் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். பொய் சொல்லமாட்டேன்.

மத்தியானம் அக்கா என் அறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

“ரூமுக்குள்ள வேணாம்மா. நடையில ஒரு பாய் போட்டுக்கிறேன். உன் வீட்டுப் பட்டியல்ல என் பேரைச் சேத்துக்கிட்டா போதும். பெரியம்மான்னு சொல்லு. எனக்குன்னு வர்ற அரிசியை மட்டும் எடுத்துக்கிறேன்.”

பட்டியலில் பொய்ப் பெயர் சேர்த்தால் வீட்டோடு சீட்டைப் பறித்துவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. அடுத்த தெருவில் ஒருவரை அதற்காக அடித்தும் இருந்தார்கள். நான் பிள்ளையைப் பார்த்தேன். தவுக்கேயின் ஆள் என்ன சொல்வானோ என்று நினைத்தேன். அக்காவைப் பற்றிக் குழாயடியில் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். அதுவும் வாயில் வரவில்லை. ஊரெல்லாம் பேசுகிற வாய்!

“யோசிச்சுச் சொல்றேங்க்கா.”

“யோசிம்மா. பச்சப்புள்ளக்காரி, யோசிக்கத்தான் செய்யணும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன், அப்படியே இழுத்து உள்ளேயும் விட்டிருப்பேன்.

மறுநாள் காலையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் எழுந்தேன். அக்கா இல்லை. கீழே தீவனக் கடையில் தகரப் பெட்டியை வைத்துவிட்டு விடியும்போதே கேலாங் பக்கம் நடந்து போனதாகச் சொன்னார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் பிள்ளையோடு கேலாங் முழுவதும் அலைந்தேன். அங்கே கோயிலில் விசாரித்தால், அப்படி ஓர் அம்மா இரண்டு நாள் வந்து உட்கார்ந்திருந்தார்கள், மூன்றாம் நாள் காணோம் என்றார்கள். பெட்டியைக் கேட்டு யாரும் வரவில்லை.

மாதம் பிறந்தது. தவுக்கேயின் ஆள் வந்தான். நான் நோட்டை நீட்டினேன். அவன் தலையை ஆட்டினான். அன்றைக்கு என்ன கிழமையாக இருந்தால் அவனுக்கென்ன? கழுத்தில் கிடந்த கல்யாணச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தேன். ஆறு மாத வாடகைக்கு வைத்துக்கொள்கிறேன் என்றான்.

அந்த ஆறு மாதம் முடிவதற்குள் சண்டை முடிந்துவிட்டது. வாழைமர நோட்டுகள் சாக்கடையில் மிதந்தன. சில வாரங்கள் கழித்து என் வீட்டுக்காரர் சொன்னபடியே அந்த அறையைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார், எலும்பும் தோலுமாக. பிள்ளை அவரைக் கண்டு பயந்து என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவர் என் வெறுங்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“செயின் எங்க?”

“வாடகைக்குப் போச்சு.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உடம்பில் தெம்பில்லாவிட்டாலும் எழுந்து நின்றார். “அந்த மாடிக்காரப் பொம்பளையா? ஆம்பளை இல்லாத வீடுன்னு உன் கழுத்துலயே கை வச்சுட்டாளா? எங்க அவ?”

நான் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“அவங்க இருந்த வரைக்கும் நான் வாடகையே குடுக்கலைங்க” என்றேன்.