இடது இருக்கைக்குச் சொல்ல வேண்டியது

விமானத்தில் கேப்டன் இடது பக்கம் உட்காருவார். துணை விமானி வலது பக்கம். கேப்டன் ஓட்டுகிற நேரத்தில் துணை விமானிக்கு வேலை, கருவிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பதும், தவறு தெரிந்தால் வாய்விட்டுச் சொல்வதும். ஒரு முறை சொல்லிக் கேட்கவில்லை என்றால் இன்னொரு முறை. அதற்கும் அசையவில்லை என்றால் விமானத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும், இடது பக்கம் இருப்பவர் எவ்வளவு பெரிய அனுபவஸ்தராக இருந்தாலும் சரி. பயிற்சிப் புத்தகத்தில் இது அரைப் பக்கம்கூட வராது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்த அரைப் பக்கத்தில்தான் எனக்குக் கிடைக்க இருந்த வேலை போயிற்று.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், ஏரிக்குக் கீழே எங்கள் காலனி. நான் சின்னப் பையனாக இருந்தவரை நைனா பண்ணைக்காரர் நிலத்தில் கூலிக்குப் போனார். அப்புறம் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் செடிகளுக்குத் தண்ணீர் விடும் ஒப்பந்த வேலை கிடைத்தது. வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிளஸ் டூ முடித்த வருஷம், வடக்கே ஓர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் எங்களைப் போன்றவர்களுக்கு உதவித்தொகையோடு சில இடங்கள் இருப்பதாகப் பேப்பரில் பார்த்தேன். நுழைவுத் தேர்வு எழுதினேன். கிடைத்துவிட்டது.

ஊரில் யாரும் நம்பவில்லை. ஷேர் ஆட்டோ ஓட்டும் என் சிநேகிதன் மட்டும் ஒரு டீயை வாங்கிக் கையில் கொடுத்து, “இன்னா மச்சான், மலைக்கு கழுகு வர்றது நின்னுபோச்சே, அந்த எடத்துக்கு உன்ன எடுத்துட்டாங்களா?” என்றான். கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

பயிற்சிப் பள்ளியில் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. மெஸ்ஸில் தட்டோடு போய் உட்கார்ந்தால், “கோட்டா ஏர்லைன்ஸ் லேண்ட் ஆயிடுச்சு, எல்லாரும் பெல்ட் போட்டுக்கோங்க” என்று ஒரு குரல் வரும். யார் என்று திரும்பிப் பார்க்க மாட்டேன். உள்ளே நுழையும் வாசலில்தான் எனக்கு ஒதுக்கீடு. உரிமத் தேர்வில் எல்லோருக்கும் ஒரே பாஸ் மார்க், எல்லோருக்கும் அதே ஓடுபாதை, அதே குறுக்குக் காற்று. வானிலைப் பாடத்தில் அந்த பேட்ச்சில் நான் முதலாவது. இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சண்டைக்கு வருகிறான் என்பார்கள்.

என் அறைத் தோழன் தாம்பரத்துக்காரன், விமானப்படை அதிகாரியின் மகன். நல்லவன். வானிலைப் பாடத்தில் தேறாமல் போய், என்னிடம் கேட்டுப் படித்து இரண்டாவது முறை தேறினான். அவன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கேப்டன்கள் வருவார்களாம். “மட்டன் எடுத்து வெச்சுகிட்டே இஞ்சின் ஃபெயிலியர் பத்தி பேசுவாங்கடா, போர் அடிக்கும்” என்பான்.

புதுப்புது விமான கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. நாங்கள் உரிமம் வாங்கி வெளியே வந்ததும் இருவருக்கும் ஒரே கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. எழுத்துத் தேர்வு தாண்டினேன். நேர்முகத்தில் ஓர் அம்மையார் என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, “உங்களை மாதிரிப் பின்னணியில் இருந்து வருகிறவர்கள் எங்கள் காக்பிட்டில் இல்லை, வர வேண்டும் என்று நினைக்கிறோம்” என்றார். மனதாரத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்த மூத்த கேப்டன் பேனாவை மூடினார். மீதி இருந்தது சிமுலேட்டர் சோதனை மட்டும்.

சிமுலேட்டர் என்பது தரையில் நிற்கும் விமானி அறை. கண்ணாடிக்கு வெளியே பொய்யான ஊர், பொய்யான மேகம், ஆனால் உடம்புக்கு அது பொய் என்று தெரியாது. எனக்கு இடது பக்கம் அந்த மூத்த கேப்டனே உட்கார்ந்தார். முதல் பாதி நான் ஓட்டினேன். “குட்” என்றார். அடுத்து அவர் ஓட்ட, நான் பார்க்க வேண்டும். இறங்கிக்கொண்டிருக்கிறோம். ஓடுபாதை விளக்குகள் தெரிகின்றன. வேகம் குறைகிறது. ஊசி இருக்க வேண்டிய இடத்தைவிட்டுக் கீழே வருகிறது. பார்த்துவிட்டேன். அவர் வேண்டுமென்றே குறைக்கிறார் என்பதும், என்னைத்தான் சோதிக்கிறார் என்பதும் தெரிந்தது. சொல்ல வேண்டியது ஒரே சொல்: “ஸ்பீட்.”

நான் சொன்னது: “சார்... ஸ்பீட் கொஞ்சம் கம்மியா இருக்கா சார்?”

அவர் கை அசையவில்லை. ஊசி இன்னும் இறங்கியது. அவர் முகத்தைப் பார்க்காமல், முன்னால் இருந்த பலகையைப் பார்த்து, “கொஞ்சம் பவர் குடுக்கலாமா சார்?” என்றேன். வேகம் போதாமல் இருக்கை நடுங்கத் தொடங்கியது. என் கை கட்டுப்பாட்டுக் கோலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை வாங்கவில்லை. அவர் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்குவது என்பது என் கைக்குத் தெரிந்த வேலையாக இல்லை. விமானம் விழுந்துவிட்டது என்று கண்ணாடி முழுக்கச் சிவப்பாகி எல்லாம் நின்றது.

விளக்கைப் போட்டார். கோபம் இல்லை.

“தம்பி, எப்போ பாத்தே?”

“முதல்லயே பாத்துட்டேன் சார்.”

“அப்போ ஏன் சொல்லல?”

“சொன்னேன் சார்.”

“நீ என்னைக் கேட்டே. சொல்லல. பின்னாடி நூத்தி எண்பது பேர் உக்காந்திருக்காங்கன்னு வெச்சுக்கோ. என்கிட்ட பெர்மிஷன் கேட்டுட்டா அவங்களைக் காப்பாத்துவே?”

அவர் சொன்னது சரி. என் அம்மா அந்த விமானத்தில் இருந்தால், வலது பக்கம் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்திருப்பதை நானே விரும்ப மாட்டேன்.

ஆனால் என் வாயில் அந்த ‘இருக்கா சார்’ பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஓர் ஐப்பசி மழையில் ஏரிக் கரை கசிவதை நைனா பார்த்தார். பண்ணைக்காரர் குடையோடு வரப்பில் நிற்கிறார். நைனா அவரிடம் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற மாட்டைப் பார்த்து, “கரையாண்ட மண்ணு கொஞ்சம் ஈரமா கீதோ இன்னாவோ” என்றார். எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். பெரிய மனிதருக்கு நேராகச் சொல்லக் கூடாது. மாட்டுக்கோ மரத்துக்கோ சொல்ல வேண்டும். அவர் தானாகக் கண்டுபிடித்த மாதிரி இருக்க வேண்டும். நேராகச் சொன்ன என் சித்தப்பாவுக்கு ஊரில் ஒரு போகம் யாரும் வேலை கொடுக்கவில்லை. மறுநாள் கரை உடைந்தது. நட்ட பயிரெல்லாம் மணலுக்கு அடியில் போயிற்று. பண்ணைக்காரர் எங்கள் தெருமுனைக்கே வந்து, “பாத்தவன் வாயத் தொறந்து சொல்ல மாட்டியாடா?” என்று கத்தினார். நைனா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். ‘சொன்னேன்’ என்பதைக்கூட அவர் சொல்லவில்லை. அந்த விதத்தில் நான் ஒரு படி மேல்.

தாம்பரத்துக்காரன் தேறிவிட்டான். “ஸ்பீட், ஸ்பீட், அங்கிள் இன்னா தூங்குறீங்களானு கேட்டேன்டா, அந்தாளு சிரிச்சுட்டாரு” என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். “வாயத் தொறக்கறதுதான மச்சான், அதுல இன்னா கஷ்டம்?” அவன் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

அம்மையார் தொலைபேசியில் வருத்தப்பட்டார். ஆறு மாதம் கழித்து இன்னொரு சோதனைக்கு வரலாம் என்றும், உங்களை எடுக்க எங்களுக்கு ஆசைதான், தகுதியில் சமரசம் செய்ய முடியாது என்றும் சொன்னார். எடுக்க வேண்டியவன், தகுதி போதாதவன் என்று என்னைப் பற்றிய இரண்டு பேச்சும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தன. மெஸ்ஸில் கேட்ட குரல் கொஞ்சம் மரியாதை கற்றுக்கொண்டு வந்தது போல இருந்தது.

வீட்டில் பயிற்சி செய்யலாம் என்று முடிவெடுத்தேன். முன்னறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, சுவரில் காலண்டர் அட்டையில் கருவிகளை வரைந்து ஒட்டினேன். கேப்டனாக உட்கார ஆள் வேண்டும். நைனாவைக் கூப்பிட்டேன்.

“நானா? நான் இன்னாத்த ஓட்டுறது?”

“நீ சும்மா உக்காரு நைனா. நீதான் பெரியவரு. தப்பு பண்ணிகினே இரு. நான் கத்துவேன்.”

“தப்பு பண்ணணும்னா உங்க நைனாவுக்கு சொல்லியா தரணும்?” என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

நைனா இடது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். துண்டை மடியில் வைத்துக்கொண்டார். நான் கண்ணை மூடி அந்தச் சிமுலேட்டரை, நடுங்கும் இருக்கையை, இறங்கும் ஊசியை நினைத்தேன். வயிற்றிலிருந்து குரலை எடுத்துக் கத்தினேன்.

“ஸ்பீட்!”

நைனா எழுந்துவிட்டார். யோசித்து எழவில்லை. நான் கண் திறக்கும்போது நாற்காலிக்குப் பக்கத்தில் முதுகு வளைந்து நின்றுகொண்டிருந்தார். துண்டு கக்கத்துக்குப் போயிருந்தது.

“இன்னாபா,” என்றார் மெதுவாக. “நான் இன்னா பண்ணேன்?”

“ஒண்ணுமில்ல நைனா. உக்காரு.”

அவர் உட்காரவில்லை. நான் நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கி வைத்தேன்.

அதன் பிறகு கடற்கரைக்குப் போய்த் தனியாகக் கத்திப் பழகினேன். மாமல்லபுரத்தில் சவுக்குத் தோப்புக்கு அப்பால் யாரும் இருக்க மாட்டார்கள். ஆறு மாதம் முடிவதற்குள் விமான கம்பெனிகளுக்குக் கெட்ட காலம் வந்தது. எடுத்தவர்களையே வீட்டுக்கு அனுப்பினார்கள், தாம்பரத்துக்காரன் உட்பட. அவன் அப்பா எங்கேயோ பேசி, வெளிநாட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன். என் இரண்டாவது சோதனைக்கு யாரும் கூப்பிடவில்லை. அந்த அம்மையாருடைய எண் வேறு யாருக்கோ போயிருந்தது. உரிமத்தை உயிரோடு வைத்திருக்கக் காசு கட்டித் தொடர்ந்து பறக்க வேண்டும். அது எங்களால் ஆகிற காரியம் இல்லை. ஆனாலும் தினமும் காலையில் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்துகொண்டிருந்தேன். ஒருத்தரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் வாசலில் படித்துக்கொண்டிருந்தேன். நைனா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. ஆட்டின் தலையைத் தடவியபடி, அதற்குச் சொல்வது போலச் சொன்னார்:

“கேளம்பாக்கத்துல கம்ப்யூட்டர் ஆபீசுக்கு ஆளு எடுக்கறாங்களாம். படிச்சவங்க போனா சேத்துப்பாங்களோ இன்னாவோ.”

ஆட்டைப் பார்த்தேதான் சொன்னார். எனக்குக் கேட்டது. புத்தகத்தை மூடிவிட்டு, “போறேன் நைனா” என்றேன்.