கூட்டிச் சொன்ன அளவு

பையின் காதுக்குள் மரஸ்கேலை விட்டு, மேசையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு இழுத்தார் டெய்லர். உள்ளே புதுத் துணி, அளவுக்கு ஒரு பழைய சட்டை. கொண்டுவந்தவர் படிக்கு வெளியிலேயே நின்று, பழையது மாதிரியே இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டெய்லர் இரண்டையும் விரித்துப் போட்டு, சுடச்சுட இருந்த இஸ்திரிப் பெட்டியை இருபக்கமும் ஓட்டினார்.

“நல்லா அழுத்துங்க. ஓரத்துல ஒரு கிருமி இன்னும் நெளியுது,” என்றாள் மூலையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி.

இருமல் காய்ச்சல் வந்து போய் வருஷத்துக்கு மேல் ஆகிறது. காய்ச்சல்தான் போனது, பழக்கம் போகவில்லை. தெருவில் யாராவது இருமினால் பேச்சு நின்றுவிடும்; இருமியவர், யாரும் கேட்காமலே, புரை ஏறிவிட்டது என்பார். பிறந்த குழந்தையை ஜன்னல் வழியாகப் பார்த்து, அப்பா ஜாடை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். டெய்லர் வீட்டிலும் கைக்குழந்தை இருந்தது, மகன் வயிற்றுப் பேரன். கடையிலிருந்து போனதும் குளித்துவிட்டுத்தான் அவனைத் தொடலாம் என்பது மருமகளின் சட்டம். அதில் டெய்லருக்கு மனக்குறை எதுவும் இல்லை. கடையில் அவர் போட்ட சட்டம் அதைவிடக் கடுமையானது. மேசையைத் தாண்டி யாரும் உள்ளே வரக் கூடாது. ஆளை அளப்பதில்லை, பழைய சட்டையைத்தான் அளப்பது.

முன்பெல்லாம் தெருவில் யாருக்குத் தொப்பை விழுகிறது என்பது அவரவர் மனைவிக்குத் தெரிவதற்கு முன்னால் டெய்லருக்குத் தெரியும். அளவெடுக்கும்போது எல்லோரும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். அவர் வேண்டுமென்றே எதையாவது பேச்சுக் கொடுப்பார். பதில் சொல்ல வாய் திறந்தால் வயிறு தானாக வெளியே வந்துவிடும். இப்போது எல்லோரும் காய்ச்சலுக்கு முந்தைய உடம்புக்குத்தான் சட்டை தைத்துக்கொண்டார்கள். கொஞ்சம் இறுக்கம், கொஞ்சம் தளர்ச்சி, யாரும் பெரிதுபடுத்தவில்லை.

டிராயிங் மாஸ்டர் விஷயம் வேறு. காய்ச்சல் எல்லோரையும் விட்ட பிறகு அவரைப் பிடித்தது. நுரையீரலில் உட்கார்ந்துகொண்டு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டது. ஆள் பாதியாக இளைத்துப்போனார். இப்போது ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஆனால் டாக்டர் எழுதியதைப் பெற்றோர்கள் எங்கே படிக்கப்போகிறார்கள்? வாசலில் நின்று ஆளைத்தான் பார்ப்பார்கள். தொளதொளவென்று சட்டை தொங்கினால், இன்னும் சீக்குதான் என்று பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அதனால் அவருக்கு மட்டும் பழைய சட்டை உதவாது. மாஸ்டரின் மனைவியிடம் டேப்பைக் கொடுத்து, வீட்டில் அளந்துவரச் சொல்லியிருந்தார் டெய்லர். அவளும் அளந்து வந்து சொன்னாள். டெய்லர் தைத்தார். அன்று காலை அந்தச் சட்டையை அவள் திரும்பக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

தோள்பட்டை கைக்கு இறங்கிவிட்டதாம். கழுத்துப் பட்டனைப் போட்டாலும் உள்ளே ஒரு கை போகுமாம். டெய்லர் சட்டையைப் புரட்டிப் பார்த்தார். அவள் சொன்ன அளவுக்கு ஒரு நூல் பிசகில்லை.

“சரியாத்தானேம்மா அளந்தீங்க?”

அவள் டேப்பைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினாள். “கூட்டிச் சொன்னேண்ணா. அவர் நின்னுக்கிட்டே, எவ்வளவு எவ்வளவுன்னு கேக்குறாரு. உள்ளத அவர்கிட்டச் சொல்ல வாய் வரல. அவர்கிட்டச் சொன்னதையே உங்ககிட்டயும் சொல்லிட்டேன்.”

எதிர்க் கடையின் நிழலில் டிராயிங் மாஸ்டர் நின்றிருந்தார். கிட்டே வந்து யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது என்று அவரே ஒதுங்கி நின்றதுபோல் இருந்தது. இங்கிருந்தே அளந்துவிடலாமா என்று டெய்லர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். கை பழகிய அளவுக்குக் கண் பழகவில்லை. மறுபடி அவளையே அளக்கச் சொன்னால் மறுபடி கூட்டித்தான் சொல்வாள்.

மனைவியைப் பார்த்தார். ஊசி பாதியில் நின்றிருந்தது.

“வீட்ல குழந்தை இருக்குங்க,” என்றாள் மெதுவாக.

“தெரியும்.”

மேசையின் ஓரப் பலகையைத் தூக்கினார். “வாங்க சார், உள்ள வாங்க.”

டிராயிங் மாஸ்டர் வந்தார். சட்டைப் பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினார். டெய்லர் அதை வாங்கவில்லை. முதுகுப் பக்கம் நின்றுகொண்டு தோளில் டேப்பை வைத்தார். எலும்பு தட்டியது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தார். டேப் அசையவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, அவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்.

அடக்கிய மூச்சுக்குத் தைத்தால் சட்டை சேராது.

“மூச்சு விடுங்க சார்,” என்றார்.

“பரவாயில்லையா?”

“விட்டாத்தான் அளவு.”

விட்டார். டெய்லரும் விட்டார். அளவைச் சத்தமாகச் சொல்லாமல் பென்சிலால் துணியின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். டிராயிங் மாஸ்டரின் மனைவி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் தோளைப் பிரித்து, வெட்டி, மறுபடி தைத்துக் கொடுத்தார். டிராயிங் மாஸ்டர் கடைக்குள் போய் நின்றதை அதற்குள் தெரு பார்த்திருந்தது.

மறுநாள் காலை டிராயிங் மாஸ்டர் அந்தச் சட்டையில் பள்ளிக்கூடம் போனார். தோள் சரியாக உட்கார்ந்திருந்தது. ஒன்பது மணிக்கு மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். சண்டை எதுவும் போடவில்லை. எப்போது வருவாள் என்று மகன் சொல்லவில்லை. கடைக்கு இரண்டு பேர் வந்து, வெட்டாத துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். புதிதாக யாரும் வரவில்லை. டெய்லர் மிஷினுக்கு எண்ணெய் போட்டார். மனைவி மிச்சமிருந்த பட்டன்களைத் தைத்து முடித்தாள். மத்தியானம் இருவரும் கடையிலேயே சாப்பிட்டார்கள். வாசலிலிருந்து யாரும் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரவில்லை; நான்கு மணிக்குத்தான் பள்ளிக்கூடம் விட்டது.